வான்கட்டில் பதினொரு மூட்டை

என்னுடைய உத்தியோகம் கலங்கல் தண்ணீரைப் பார்ப்பது. நியமனக் கடிதத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் வாவியின் மேற்குக் கரையிலிருந்த ஒரு கருங்கல் குவாரிக்குப் போய், அங்கே தோண்டியிருந்த இரண்டு குளங்களையும் சுற்றிவந்து, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது, அடியில் சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது, கட்டு எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்து எழுதி, கீழே ஒப்பம் வைத்துவிட்டு வருவதுதான் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், போர் முடிந்த அந்த வருடத்து மாரி வரும்வரை.

விஷயம் பெரிய வித்தையல்ல. கல்லுடைக்கிற இடத்தில் மழை பெய்தால் கல்தூளும் மண்ணும் கரைந்து கீழே இறங்கும். கீழே வட்டை, அதாவது வயல்வெளி. கல்தூள் படிந்த வயல் காய்ந்தால் சீமெந்து போட்ட முற்றம்தான், ஏர் இறங்காது. ஆகவே கலங்கல் தண்ணீரை முதலில் ஒரு குளத்துக்குள் விட வேண்டும். பருமனான மண் அங்கே தங்கிவிடும். மிச்சம் இரண்டாம் குளத்தில் ஆறுதலாகப் படியும். தெளிந்தது வான் வழியாக வாய்க்காலில் இறங்கிப் போகும். குளம் நிறைந்தால் மிகுதித் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கட்டில் பதித்து விடுகிற கல்தளத்தைத்தான் வான் என்போம். வான் திறந்திருந்தால் கட்டு நிற்கும். வான் அடைபட்டால் தண்ணீர் கட்டின் மேலாக ஏறி மண்ணை அறுத்துக்கொண்டு போகும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாத்திரம்.

அந்தக் குவாரி சுனாமிக்குப் பிறகு திறந்தது. கரையோரத்தில் வீடு கட்டவும் தெருப் போடவும் கல் தேவைப்பட்டது. நான் பிறந்த வீடும் கடலோடு போனதில் ஒன்று. கடல் வந்த அன்று நான் ஒன்றுமே செய்யவில்லை. செய்வதற்கு நேரமும் இருக்கவில்லை. அதன் பிறகு கடல் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் என் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்பிள்ளை பெட்டியோடு வந்து மனைவி வீட்டில் ஏறுவான். மூத்தவளான என் மனைவிக்கு வீடு, இளையவளுக்கு வயல் என்று என் மாமியார் பிரித்துக் கொடுத்திருந்தார்.

பிறகு போர் அந்தக் கரைக்கும் வந்தது. எல்லாரும் வாவியைக் கடந்து ஓடி, தன்னாமுனைப் பக்கம் கூடாரங்களில் கிடந்தோம். குவாரி மூடிக் கிடந்தது. மூன்று மாரி அந்த வட்டையில் யாரும் விதைக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது இளையவளின் புருஷன் எங்களோடு வரவில்லை. ஒரு காலத்தில் இயக்கத்துக்கு உழவு இயந்திரம் ஓட்டினான் என்று அவனைப் பிடித்துப் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்தார்கள். ஓட்டாமல் இருக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. போர் முடிந்து சில மாதங்களில் விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும், வாரம் தவறாமல், இராணுவ முகாமுக்குப் போய்ப் பதிவேட்டில் ஒப்பம் வைக்க வேண்டும். அவன் அங்கே ஒப்பம் வைக்கிறான், நான் இங்கே ஒப்பம் வைக்கிறேன் என்று வீட்டில் பகிடி விடுவோம். என் சகலன் அவன். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

குவாரியும் அந்த வருடம் திரும்பத் திறந்தது. முதல் தடவை போனபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான். சரிவில் மண் இறங்காமல் மறிப்பதற்காகக் கறுப்புத் துணியில் நீளமாக ஒரு வேலி அடித்திருந்தார்கள். நான் போன அன்று தடிகள் மட்டும் நின்றன, துணியைக் காணவில்லை. திரும்பி வரும்போது ஊருக்குள் பார்த்தேன். வந்து குடியேறிய வீடுகளில் மலசலகூடத்துக்குக் குழியும் கல்லும் கொடுத்திருந்தார்கள், சுவர் கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் என் கறுப்புத் துணி நின்றது. பொம்பிளைகள் அதற்குள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் எதை எழுத? காற்றுக்குக் கிழிந்துவிட்டது, புதிதாக அடிக்கவும் என்று எழுதினேன். அதுதான் என் முதலாவது பொய். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அடுத்த மாதம் போனபோது விதைப்பு முடிந்திருந்தது. காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது வழமை. ஒரு தூற்றல் விழுந்து நெல் முளைத்துவிட்டது, அதற்குப் பிறகு வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது. முளைத்த பயிர் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. நான் வழக்கம்போல் முதலாம் குளத்தில் நட்டிருந்த அளவுத்தடியைப் பார்த்தேன். போத்தலில் தண்ணீர் எடுத்து அதற்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்துப் பார்த்தேன், எழுத்துத் தெரிந்தது. பிறகு இரண்டாம் குளத்துக்கு நடந்தேன். தண்ணீர் வழக்கத்தைவிட அரை ஆள் உயரம் கூடியிருந்தது. வானைத் தேடினேன். அங்கே புல்லுக் கரணை, அதாவது புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி, அடுக்கி வரம்பு மாதிரி ஒன்று கட்டியிருந்தது. காலால் தட்டினேன். புல்லுக்குக் கீழே மண்மூட்டை.

பச்சை நிறச் சாக்கு. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

அந்த மூட்டைகளின் கதை ஊர் முழுக்கத் தெரியும். சந்தியில் ஒரு காவலரண் இருந்தது. படை மாறியபோது அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சனம் சும்மா இருக்குமா? மாட்டுப்பட்டி வாசலுக்கு, கிணற்றடிக்கு என்று ஆளுக்கு ரெண்டு மூட்டை தூக்கிவிட்டது. புதிதாக வந்த படையினர் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து போட்டால் ஒன்றுமில்லை என்றார்கள். சனமும் கொண்டுவந்து போட்டது. பதினொன்று குறைந்தது. அதிகாரி கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார், மொழிபெயர்ப்பவர் எங்களுக்குச் சொன்னார்:

"பதினொரு மூட்டையால மாட்டுப்பட்டி கட்டேலாது. பங்கர் கட்டலாம். யாரோ கட்டுறாங்க. கண்டுபிடிப்பம்."

அன்றைக்கு என் சகலனும் பின்வரிசை வாங்கில் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும்போலத் தலையாட்டிக்கொண்டு.

யாருடைய வேலை என்று கேட்கத் தேவையில்லை. கட்டுக்கு நேர் கீழே இருந்த வயல் ஒன்றே ஒன்று. அது என் மனைவியின் தங்கச்சியுடையது. கட்டின் மேலாக ஒரு கறுப்புக் குழாய் புல்லுக்குள் படுத்துக் கிடந்தது. குளத்துத் தண்ணீரை உறிஞ்சி வயலுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வட்டையில் அந்த ஒரு துண்டு மட்டும் பச்சை. நேரே வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தேன்.

"என்ன தம்பி செஞ்சிருக்காய்?"

அவனுக்கு உடனே விளங்கியது. "அண்ணன், குளத்துல தண்ணி நிக்கக்குள்ள வான அடைக்காத வெள்ளாமக்காரன் எங்க இருக்கான்? எங்கட குளத்துல வருசா வருசம் புல்லுக் கரண வெச்சு ரெண்டடி ஏத்துறதானே."

உண்மைதான். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. மழை பிந்தினால் பாசனக் குளத்தின் வானில் கரணை அடுக்கித் தண்ணீரைப் பிடிப்பார்கள், மழை வந்ததும் இறங்கி எடுத்துவிடுவார்கள். அந்தக் குளத்தின் கட்டு பெரியவர்கள் காலத்துக் கட்டு, யானை நடந்தாலும் அசையாது. இது குவாரிக்காரன் ஒரு கிழமையில் மண்ணைத் தள்ளிப் போட்ட கட்டு. அவன் கண்ணுக்கு இரண்டும் குளம்தான்.

"இண்டைக்கே எடு," என்றேன்.

"மழ வரட்டும் அண்ணன். இப்ப எடுத்தா முளையெல்லாம் கருகிரும். மூணு வருசத்துக்குப் பிறகு அவள் விதைச்சிருக்காள். மழ வந்த அண்டைக்கே எடுத்துப் போடுறன்."

நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு கிழமை என்றேன். அறிக்கையில் இரண்டாம் குளம், வான், கட்டு எல்லாவற்றுக்கும் நேரே திருப்தி என்று எழுதி ஒப்பம் வைத்தேன். ஒரு கிழமைதானே என்றுதான் இருந்தேன்.

அந்தக் கிழமைக்குள் குவாரிக்கு வெடிமருந்து வந்தது. வெடிமருந்து வந்தால் காவலும் வரும். சுற்றிவர முட்கம்பி அடித்து, நான்கு மூலையிலும் காவலரண் போட்டார்கள். நாலாவது மூலை இரண்டாம் குளத்துக் கட்டுக்குப் பக்கத்தில். வேலைக்காரரையும் அனுமதிக் கடிதம் உள்ளவரையும் தவிர யாரும் உள்ளே போகேலாது. சகலன் பதிவேட்டில் ஒப்பம் வைக்கிற ஆள். அவன் அந்தக் கம்பியைத் தொட்டாலே போதும். மூட்டை உள்ளே, அவன் வெளியே. குழாயும் சேற்றில் அடைத்து நின்றுவிட்டது. அதைத் தட்டிவிடவும் ஆள் போக முடியாது. குழிக்குள் ஊறுகிற தண்ணீரைக் குவாரிக்காரர் மோட்டரால் இறைத்துக் குளத்துக்குள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே போகக்கூடியவன் நான் ஒருவன்தான், அதுவும் மாதத்தில் என் முறை வருகிற அன்றைக்கு மட்டும்தான். அடுத்த தடவை ஒரு முடிவோடு போனேன். எந்தப் பக்கமும் பார்க்காமல் நேரே வானுக்குப் போய், குனிந்து ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் ஊறிச் சவமாகக் கனத்தது. புல்லு வேரோடிப் பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் கையளவு நகர்ந்தது. உடனே மேலிருந்து குரல் வந்தது.

"ஏய்! மொக்கத கரன்னே? என்ன செய்றது?"

நிமிர்ந்தேன். காவலரணில் ஒரு சிப்பாய். இருபது வயது இருக்கும், துவக்கை நீட்டவில்லை, கையில்தான் வைத்திருந்தான். நான் கையிலிருந்த போத்தலை உயர்த்திக் காட்டினேன். "தண்ணி செக் பண்றது," என்றேன். என் வாயிலிருந்து வந்த குழைவு எனக்கே அருவருப்பாக இருந்தது. அவன் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. நான் போத்தலை நிரப்பி, பத்திரிகையைப் பிடித்து, ஒரு எழுத்தையும் வாசிக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குவாரியை நடத்துகிற முகாமையாளரிடம் போனேன். நல்ல மனிதர், மேசையை விட்டு எழும்பாத மனிதர். இரண்டாம் குளத்தைக் கொஞ்சம் இறைத்துவிடச் சொன்னேன்.

"ஏன் ஐயா? வான் இருக்குதுதானே," என்றார். "ஏதும் பிழையெண்டா எழுத்துல தாங்க. மேல காட்டி மோட்டர் எடுக்கலாம்."

எழுத்தில் கொடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் பச்சைச் சாக்கு. சாக்கைக் கண்டால் கீழே இருக்கிற ஒரே வயல். வயல் யாருடையது என்று கேட்டால் முகாமின் பதிவேட்டில் இருக்கிற பெயர். ஒரு வரியை நான் எழுதினால் அவன் திரும்பி வர எத்தனை வருடமோ, வருவானோ என்னவோ. இதை எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்று யோசித்தேன். முகாமையாளர் பேனையை நீட்டிக்கொண்டிருந்தார். "பிழையொண்டும் இல்ல," என்று சொல்லி, திருப்தி என்று எழுதி, ஒப்பம் வைத்தேன். பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியோடு எரிந்து விழுந்தேன். உப்பு இருந்தது. கடல் வந்த அன்றைக்கு எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, அதை விதி என்று சொல்லி மனதை ஆற்றியிருக்கிறேன். இந்தத் தண்ணீர் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் தந்தது. ஒவ்வொரு நாளும் எழும்பி, குளித்து, உடுத்து, அது ஏறுவதைத் தெரிந்துகொண்டே கந்தோருக்குப் போய்வந்தேன். இதற்குச் சொல்ல ஒரு விதியும் இல்லை.

மழை வந்தபோது நான் பட்டினத்தில் இருந்தேன். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். காலையில் பாதையில் வந்தேன், பின்னேரம் பாதை இல்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இழுக்க முடியாது என்று கட்டிவிட்டார்கள். துறையில் குடையோடு நின்று அக்கரையைப் பார்த்தேன். மழையில் அக்கரை தெரியவில்லை. கந்தோர்க் கூட்டாளி ஒருவர் வீட்டில் தங்கினேன். இரண்டு நாள் விடாமல் கொட்டியது.

சகலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் கம்பிக்கு இஞ்சால நிக்கிறன் அண்ணன்," என்றான். "வான்ல ஒரு சொட்டும் வெளிய வரல்ல. ஆமிக்காரன் மேல நிண்டு பாத்துக்கிட்டு இருக்கான். நான் உள்ள போறன்."

"போகாத! உன்ர புள்ளையள் மேல ஆணையாச் சொல்றன், போகாத!" தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

பிறகு முகாமையாளருக்கு எடுத்தேன். கட்டை ஒருக்கால் போய்ப் பாருங்கள், எங்கேயாவது தாழ்வாக வெட்டித் தண்ணீரை விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"இந்த மழையில எந்த மனிசன் ஐயா மண்வெட்டி எடுப்பான்? நீங்கதானே பாத்து ஒப்பம் வெச்சீங்க. அதுக்குள்ள கட்டுக்கு என்ன வரப்போகுது?"

மற்றப் பக்கத்தில் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பாதை ஓடியது. சகலன் துறையில் எனக்காக நின்றான். கால் முழங்கால்வரை சாம்பல் நிறம். கட்டு நேற்று மத்தியானம் போய்விட்டது என்றான். உயிருக்குச் சேதமில்லை. குளத்தில் மாதக்கணக்கில் படிந்த கல்தூள் அத்தனையும் ஒரே வீச்சில் அவர்கள் வயலுக்குள் இறங்கியது. அதற்கு அங்கால் உள்ள வயல்களுக்கு வெறும் தண்ணீர்தான் போனது. மூட்டைகள் கிழிந்து வந்து அவன் வயலிலேயே கிடந்தன. யாரும் வருவதற்கு முன் பொறுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டான். பதினொன்றும் சரி பார்த்தேன் என்றான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் நின்றான். "அண்ணன், மூட்ட வெச்சது நாந்தான் எண்டு வீட்டுல அவளிட்டச் சொல்லப்போறன். அவளுக்குக் குழாய் மட்டுந்தான் தெரியும். நீங்க குவாரிக்காரனோட சேந்துட்டீங்க எண்டு ஊர் முழுக்கக் கதைக்குது. அவளும் அதத்தான் சொல்றாள்."

"சொல்லாத," என்றேன். "கோவம் வந்தா அவள் படலையடியில நிண்டு கத்துவாள். உன்னப் பிடிக்காதவன் ஒருத்தன்ட காதுல விழுந்தாப் போதும். ஊர் கதைக்கட்டும். எனக்கு என்ன குறையப்போகுது?"

அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒன்றும் குறையாது என்று. கந்தோரிலும் ஒன்றும் குறையவில்லை. அளவுக்கு மிஞ்சிய மழை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். என் அறிக்கைகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

வயலுக்குப் போனோம். பச்சை எங்கேயும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரே மட்டமாகக் கிடந்தது, ஓரத்தில் வெயில் பட்ட இடம் இறுகத் தொடங்கிவிட்டது. என் மனைவியின் தங்கச்சி வரம்பில் குந்திக்கொண்டிருந்தாள். சகலன் இறங்கி, மண்வெட்டியால் ஒரு மூலையிலிருந்து வழிக்கத் தொடங்கினான். எத்தனை நாள் வழித்தாலும் முடியாத வேலை என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனேன்.

"இறங்காதீங்க," என்றாள்.

நின்றேன். அவள் அழவில்லை. நான் அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை. கூடாரத்தில் கிடந்த நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பங்குச் சோற்றைக் கஞ்சியாக்கித் தந்தவள்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்க அந்தக் கட்டப் பாத்தீங்கதானே? கண்ணால பாத்திட்டுத்தானே நல்லம் எண்டு ஒப்பம் வெச்சீங்க?"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. சகலன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் புள்ள. பாத்திட்டுத்தான் வெச்சன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.